அணையும் அணைப்பும்

ஆறு வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில், நவீன நாடகம் பற்றிய ஒரு கட்டுரையின் நடுவே, பாத்ரீஸ் ஷெரோ என்ற பிரெஞ்சு டைரக்டரைப் பற்றி இரண்டு பாரா எழுதியிருந்தேன். வாக்னரின் கடவுளர்களுக்குக் கோட்டு மாட்டி, ரைன் நதியின் குறுக்கே மின்சார அணை கட்டி, ஒரு புராணத்தை முதலாளித்துவப் பொம்மலாட்டமாக ஆக்கியவர் என்பது அதன் சாரம். 'மேடை ஏறிய கோஷம்' என்று ஒரு வாக்கியம்கூட உண்டு. அந்த வாக்கியத்தில் அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எழுதும்போது நான் பார்த்திருந்தவை ஏழெட்டுப் புகைப்படங்கள், பத்து நிமிஷப் படத்துண்டு ஒன்று. அவ்வளவுதான்.

அந்த இரண்டு பாராவை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அதைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது, அந்தக் கட்டுரைக்கு யாரும் மறுப்பு எழுதவில்லை என்பது. நம் வட்டத்தில் இருநூறு பேர் இருப்போமா? அதில் ஒருவர்கூட 'நீ பார்த்தாயா?' என்று கேட்கவில்லை. கவி நண்பர் ஒருவர் என் வாக்கியத்தைத் தன் கட்டுரையில் எடுத்தாண்டு கௌரவித்தும் விட்டார். கேள்வி ஞானத்தில் எழுதி, கேள்வி ஞானத்தில் ஆமோதித்து, அதையே அபிப்பிராயம் என்று ஸ்தாபித்துக்கொள்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இந்தக் கட்டுரை ஷெரோவைப் பற்றியதுதான். ஆனால் எனக்கு அது ஒரு கணக்குத் தீர்ப்பதும்கூட.

போன வருஷம் வேலை மாற்றலாகி வந்த ஊரில், மாடி அறை ஒன்றில் தனியாக இருக்க நேர்ந்தது. நண்பர் ஒருவர் தந்த டிவிடிக்களில் ஷெரோவின் 'ரிங்' முழுதும் இருந்தது. நான்கு இரவுகளில் நடக்கும் நான்கு ஓபராக்கள், மொத்தம் சுமார் பதினைந்து மணி நேரம். கவுண்ட்டரை மூடி, பண இருப்பு சரிபார்த்து அறைக்குத் திரும்பிய பிறகு, ராத்திரி காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஒரு அங்கம் இரண்டு அங்கமாக இரண்டு மாதம் பார்த்தேன். எனக்கு ஜெர்மன் தெரியாது. படத்தின் அடியில் ஓடிய ஆங்கில வரிகள்தான் துணை. மேற்கத்திய சங்கீதத்தில் எனக்குப் பயிற்சியும் கிடையாது. இந்தக் குறைகளை முன்பே சொல்லிவிடுகிறேன். ஒரு ஓபரா அரங்கின் உள்ளே கால் வைத்திராத ஒருவனின் சாட்சியம் இது. மொழி தெரியாததால் நான் உடம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும், அதனால்தான் எனக்கு இது இப்படித் தெரிந்தது என்பதும் சாத்தியம்.

முதலில் அந்தப் பிரசித்தமான அவதூறை முடித்துவிடலாம். பைராய்ட், வாக்னர் தன் படைப்புகளுக்கென்றே கட்டிக்கொண்ட அரங்கு. 'ரிங்' அங்கே முழுமையாக முதன்முதலில் நிகழ்ந்தது 1876-ல். அதன் நூற்றாண்டு நிகழ்ச்சிக்கு இசை நடத்த பியர் பூலேஸ் அழைக்கப்பட்டார். பேட்டர் ஷ்டைன் என்ற ஜெர்மன் டைரக்டரோடு நடந்த பேச்சு முறிந்த பிறகு, பூலேஸ் மூலமாக வாய்ப்பு ஷெரோவிடம் வந்தது. அப்போது அவருக்கு 31 வயது. ஓபராவில் அதுவரை செய்திருந்தது இரண்டே இரண்டு. ஜெர்மானியர்களின் கோயிலில், நூற்றாண்டு விழாவில், பிரெஞ்சுக்காரர் இருவர். திரை விலகியதும் நதிக்குப் பதில் அணைக்கட்டு. ரைன் கன்னியர் அதன் மேல் நின்று ஆள் பிடிக்கும் தெருப் பெண்கள். கடவுளர்கள் பழைய காலத்துக் கனவான்கள் மாதிரி அங்கி அணிந்தவர்கள். ஸீக்ஃப்ரீட் தன் கத்தியை வார்க்கிற இடத்தில் ராட்சச நீராவிச் சம்மட்டி. ஜனங்கள் விசில் கொண்டுவந்து ஊதினார்கள். துண்டுப் பிரசுரம் போட்டார்கள். வாத்தியக்காரர்களில் ஒரு பகுதியினர் மறு வருஷம் வரவில்லை. அதே தயாரிப்பு 1980-ல் கடைசி முறையாக முடிந்தபோது அதே அரங்கில் கரகோஷம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓயவில்லை. ஷெரோ பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்லி, 'காலம் அவரை அங்கீகரித்தது' என்று முடிக்கிறார்கள். எனக்கு இந்தக் கதையில் அதிக சுவாரஸ்யமில்லை. விசில் ஊதினவர்களும் கைதட்டினவர்களும் பார்த்தது ஒரே பொருளைத்தான், அந்த அணையை. நானும் அதைத்தான் பார்த்தேன், புகைப்படத்தில்.

அணை ஷெரோவின் கண்டுபிடிப்பு அல்ல என்பதை நான் ஆறு வருஷம் முன்பே அறிந்திருக்க வேண்டும். பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு பெர்னார்ட் ஷாவைத் தெரியாது என்று சொல்ல முடியாது. 'ரிங்' என்பது தங்கமும் சுரங்கமும் கூலி உழைப்பும் பற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதை என்று ஷா 1898-லேயே ஒரு சிறு புத்தகம் எழுதிவிட்டார். லைப்ஸிக் நகரில் யோவாஹிம் ஹெர்ட்ஸ் 1973 முதல் 1976 வரை நடத்திய 'ரிங்'கிலும் தொழிற்சாலைக் காலத்துச் சாயல் இருந்தது. ஆக, சம்பிரதாய விரோதம் என்று எதற்காக ஷெரோ திட்டும் புகழும் வாங்கினாரோ அந்த யோசனைக்கு அப்போதே எழுபத்தெட்டு வயது. வாக்னரிலேயே அது இருக்கிறது என்றும் சொல்லலாம். வால்ஹாலாக் கோட்டை கடனில் கட்டப்பட்டது. கட்டின ராட்சதர்களுக்குக் கூலி பாக்கி. ஈடாக நிற்பவள் வோட்டனின் மைத்துனி. அவன் கையிலிருக்கும் ஈட்டியில் செதுக்கியிருப்பவை ஒப்பந்த ஷரத்துக்கள். தினமும் பத்து மணிக்கு அடமானப் பத்திரங்களைப் பிரித்து வைத்துக்கொள்ளும் எனக்கு இந்தக் கடவுளை அடையாளம் கண்டுகொள்வதில் சிரமம் ஏதும் இருக்கவில்லை. கோட்டுப் போட்டதால் அவன் சின்னவனாகிவிடவில்லை.

ஆனால் இதெல்லாம் புத்தி செய்கிற வேலை. ஷெரோ செய்தது வேறு. 'வால்க்யூரி'யின் இரண்டாம் அங்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

வோட்டனுக்கு ஒரு மனிதப் பெண்ணிடம் பிறந்த மகன் ஸீக்முண்ட். தகப்பன் யாரென்று முழுக்க அறியாமல், காட்டில் வளர்ந்து, ஹுண்டிங் என்பவனின் மனைவியாக இருக்கும் தன் சகோதரியையே காதலித்துவிடுகிறான். கல்யாண பந்தத்தைக் காக்கும் தெய்வமான ஃப்ரிக்கா, வோட்டனின் மனைவி, சட்டத்தைச் சொல்லி அவனை மடக்குகிறாள். மகன் சாக வேண்டும். அவளுக்குப் பதில் சொல்ல வோட்டனிடம் ஏதுமில்லை. அவள் போன பிறகு, தன் மகள் ப்ரூன்ஹில்டவிடம் அவன் தன் தோல்வியை முழுதும் சொல்கிறான். மேடைக்காரர்கள் பயப்படும் இடம் இது. இருபது நிமிஷம் ஒருவன் நின்று பழைய கதை சொல்கிறான், ஒன்றும் நடப்பதில்லை. ரஸிகர்கள்கூடத் தூங்கும் இடம் என்று கேலியுண்டு. ஷெரோவின் மேடையில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடி. கூரையிலிருந்து தொங்கித் தரைக்கு மேல் வட்டமிட்டு ஆடிக்கொண்டிருக்கும் ஊசல் ஒன்று. டொனால்ட் மக்கின்டயர் என்ற பாடகர் மேலங்கியோடு அந்தக் கண்ணாடிக்கு எதிரில் நிற்கிறார். மகளிடம் சொல்கிறாரா தன்னிடமே சொல்லிக்கொள்கிறாரா என்று பிரிக்க முடியாதபடி, கிட்டத்தட்ட முணுமுணுப்பில் ஆரம்பிக்கிறார். எல்லாம் முடிந்து போகட்டும் என்று அவர் கதறும் இடத்தில், இவ்வளவு நேரம் ஆடிக்கொண்டிருந்த ஊசலைத் தானே பிடித்து நிறுத்துகிறார். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். குறியீடு என்று சொல்லித் தாண்டிப் போய்விட முடியாத செய்கை அது. வீட்டில் கோபம் வந்த பெரியவர் ஒருவர் சுவர்க் கடிகாரத்தை நிறுத்துவது போல அத்தனை சாதாரணமாக இருந்தது.

அந்த அங்கத்தின் முடிவுக்கு வருகிறேன். ஹுண்டிங் தன் ஆட்களோடு வருகிறான். சண்டையில் வோட்டனே குறுக்கிட்டுத் தன் ஈட்டியால் மகனின் வாளை முறிக்கிறான். ஹுண்டிங்கின் ஆயுதம் ஸீக்முண்ட் மேல் பாய்கிறது. வாக்னரின் பிரதிப்படி, வோட்டன் பாறை மேல் ஈட்டியில் சாய்ந்து நின்று, வேதனையோடு பிணத்தைப் பார்க்கிறான். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. ஷெரோவின் வோட்டன் இறங்கி ஓடி வருகிறான். தான் கொல்ல விட்ட மகனைக் கையில் ஏந்தி மார்போடு அணைக்கிறான். ஸீக்முண்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. முகத்தைத் திருப்பிப் பார்க்கிறான். யாரென்று தெரிகிறது. தெரிந்த கணத்தில் போய்விடுகிறான்.

இதை விசுவாசம் என்பதா துரோகம் என்பதா? பிரதியில் இல்லாததைச் சேர்த்திருக்கிறார். சந்தேகமில்லை. அணையைவிடப் பெரிய மீறல் இது. அணை வெறும் இடமாற்றம். இங்கே கதையின் ஒரு உண்மையே மாறுகிறது. வாக்னரில் மகன் தகப்பனை அறியாமலே சாகிறான். விசில் ஊதினவர்கள் இந்த இடத்தில் என்ன செய்தார்கள் என்று எனக்கு அறிய ஆசை. ஆனால் அந்தக் கணத்தில் பாட்டு இல்லை, வாத்தியங்கள் மட்டும்தான். பார்வை என்று வாக்னர் எழுதிய அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு மனிதன் ஓடிவரும் தூரம் இருப்பதாக ஷெரோ கேட்டிருக்கிறார். ஒரு நல்ல வாசகன் வரியை மீறுவதும் இப்படித்தான். வரிக்கு வெளியே போய் அல்ல, அதற்குள் இன்னும் ஒரு அடி இறங்கி. கட்டளையிட்ட கையும் அணைக்கும் கையும் ஒன்றே என்று ஆன பிறகு, அடுத்து வோட்டன் ஹுண்டிங்கைப் பார்த்து, போ என்று ஒரு அலட்சியக் கையசைவில் அவனைச் சாகவைப்பது வெறும் தெய்வ கோபமாகத் தெரியவில்லை. தன்னை வெறுக்கும் ஒருவன் எதிரில் இருப்பவனை வெறுப்பதாகத் தெரிகிறது.

ஷெரோவுக்குப் பின் ஐரோப்பிய ஓபரா மேடைகளில் லெதர் கோட்டும் சூட்கேஸும் கழிப்பறையும் சர்வ சாதாரணமாயின. பார்த்த நாலைந்து ஒளிப்பதிவுகளிலிருந்தே சொல்கிறேன், அவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அணையை. அணைப்பை எடுத்துக்கொள்வது சுலபமல்ல. அதற்குப் பாடகரை நடிகராக்க வேண்டும். இன்னும் சரியாகச் சொன்னால், ஒருவர் பாடும்போது மற்றவர் கேட்கிற மாதிரி ஆக்க வேண்டும். ஓபராவில் பாடாதவர் சாதாரணமாகத் தன் முறைக்காகக் காத்திருப்பவர். ஷெரோவின் மேடையில் காத்திருப்பவர் ஒருவரும் இல்லை. ஹைன்ட்ஸ் ஸெட்னிக்கின் மீமெயைப் பாருங்கள். ஸீக்ஃப்ரீடை வளர்த்த அந்தக் குள்ளனை, யூத துவேஷத்தின் கேலிச் சித்திரமாக ஆக்கிவிடும் அபாயம் அந்தப் பாத்திரத்திலேயே இருக்கிறது. இங்கே அவன் பயந்த, சூழ்ச்சியான, அன்புக்கு ஏங்குகிற ஒரு பெரிய மனிதன். அவனைக் கொல்கிற வீரன்தான் நமக்குச் சிறியவனாகத் தெரிகிறான். (அந்த நீராவிச் சம்மட்டி எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை. வெறும் இயந்திர ஆரவாரம். என் பழைய இரண்டு பாராவில் ஒரு வரியை வைத்துக்கொள்ளலாம் என்றால் அது இதற்காக.)

இந்த மனிதரின் தொழில் வாழ்க்கையைப் பின்னோக்கிப் பார்த்தால், அவர் ஓபராவுக்குள் எங்கிருந்து வந்தார் என்பது துலங்குகிறது. 1944-ல் பிறந்தவர். தாய் தகப்பன் இருவரும் ஓவியர்கள். பாரிஸில் பள்ளி நாடகக் குழுவிலேயே டைரக்டராகிவிட்டார். 1966-ல், 22 வயதில், பாரிஸுக்கு வெளியே ஸார்த்ரூவில் என்ற புறநகரில் ஒரு நாடக அரங்கின் பொறுப்பு. தொழிலாளிகளுக்கு நாடகத்தைக் கொண்டுபோவது என்பது அந்தக் காலத்தின் லட்சியம். லென்ஸ் எழுதிய 'படைவீரர்கள்' நாடகத்தை 1967-ல் போட்டுப் பரிசும் பெற்றார். 1969-ல் அரங்கு திவாலாயிற்று. கடன் அவர் பேரில் நின்றது. அதை அடைக்கப் பல வருஷங்கள் ஆயின. கடன் கணக்குகளோடு புழங்குகிறவன் என்ற முறையில் இந்தத் தகவலை நான் மற்றவர்கள் போல ஒரு வரியில் தாண்ட மாட்டேன். 25 வயதில், லட்சியத்தின் பேரில், திருப்ப முடியாத கடன். சாதாரணமாக இந்த இடத்தில் ஒருவன் லட்சியத்தைத் திட்டுவான், அல்லது அரசாங்கத்தைத் திட்டுவான். ஷெரோ ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு 'முன்மாதிரியான ஒரு சாவு' என்பது போலத் தலைப்பு. மக்கள் நாடகம் என்று தான் நம்பியது எந்த விதத்தில் ஒரு பாவனையாக இருந்தது என்று தன் பிணத்தைத் தானே அறுத்துப் பார்க்கும் காரியம். நம்மிடையே பத்திரிகைகள் அடிக்கடி நின்றுபோகின்றன. நின்றதற்குக் காரணமாக வாசகர்களின் அசட்டையைச் சொல்லும் கடைசித் தலையங்கங்களை நான் நிறையப் படித்திருக்கிறேன்.

பிறகு இத்தாலி. மிலானின் பிக்கோலோ தியேட்டர், ஸ்ட்ரேலரின் அண்மை. 1972 முதல் வில்லூர்பானில் ரொஜே ப்ளான்ஷோனோடு தேசிய மக்கள் அரங்கின் தலைமையில் பங்கு. ரிஷார் பெதுஸ்ஸி என்ற மேடை வடிவமைப்பாளரின் கூட்டு இந்த ஆரம்ப வருஷங்களிலேயே அமைந்து, சாகும்வரை நீடித்தது. பெதுஸ்ஸியின் சுவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். உயரமான, ஜன்னல் குறைந்த, நிறம் செத்த சுவர்கள். மேடையில் மனிதன் எப்போதும் கொஞ்சம் சின்னவனாக, ஒளிந்துகொள்ள இடமில்லாதவனாக நிற்கிறான். இந்தச் சுவர்களுக்கிடையில் 1973-ல் மாரிவோவின் 'லா திஸ்ப்யூத்'. பதினெட்டாம் நூற்றாண்டு நாஸூக்கு நாடகம். காதலில் முதலில் துரோகம் செய்தது ஆணா பெண்ணா என்று அறிய, பிறந்தது முதல் தனித்தனியே அடைத்து வளர்த்த சிறுவர் சிறுமியரை ஒருநாள் வெளியே விட்டு, பிரபுக்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். பிரெஞ்சு மேடையில் இதைக் காலங்காலமாகப் புன்னகையோடு பார்த்திருக்கிறார்கள். ஷெரோ அதைக் கொடூரமான ஒரு பரிசோதனையாகப் படித்தார். எழுதியிருப்பது கொடூரம்தான். புன்னகை நடிகர்கள் சேர்த்தது.

1979-ல் பாரிஸ் ஓபராவில் 'லூலூ'. ஆல்பன் பெர்க் 1935-ல் இறந்தபோது மூன்றாம் அங்கத்தின் வாத்திய அமைப்பை முடித்திருக்கவில்லை. மனைவி உயிரோடிருந்தவரை யாரையும் அதைத் தொட விடவில்லை. அவர் 1976-ல் காலமானார். ஃப்ரீட்ரிஹ் செர்ஹா முடித்துக்கொடுத்த முழு வடிவம் முதன்முதலில் மேடையேறியது ஷெரோவின் கையில், பூலேஸின் இசை நடத்தலில், தெரேஸா ஸ்ட்ராடஸ் லூலூவாக. 35 வயதுக்குள் இருபதாம் நூற்றாண்டு ஓபரா மேடையின் இரு பெரிய சம்பவங்களுக்குச் சொந்தக்காரர். ஐரோப்பாவில் எந்த ஓபரா அரங்கும் அவருக்குக் கதவைத் திறந்திருக்கும். இப்படியொரு இடத்தில் இருப்பவர் வருஷத்துக்கு மூன்று தயாரிப்பு என்று விமானத்திலேயே குடியிருப்பார். ஷெரோ விலகிப் போனார். 1984-ல் ஒரு மோட்ஸார்ட், 1992-ல் 'வோட்ஸெக்', 1994-ல் 'டான் ஜொவான்னி'. பிறகு 2005 வரை ஒன்றுமில்லை. மொத்தக் கணக்கில் 44 வருஷத்தில் ஒரு டஜனைத் தொடவில்லை. கிடைக்கும் மேடையை எல்லாம் ஒப்புக்கொள்ளாமல் இருப்பது ஒரு தகுதியாக எங்கும் கணக்கிடப்படுவதில்லை. எனக்கு அது அவருடைய சம்பிரதாய விரோதங்களில் முதலாவது என்று படுகிறது.

விலகிப் போனது நான்தேர் என்ற இன்னொரு பாரிஸ் புறநகருக்கு. 1982 முதல் 1990 வரை அங்கே அமாந்தியே அரங்கு. அதை அவர் தொடங்கி வைத்தது பெயர் பெறாத ஒருவரின் நாடகத்தோடு. பெர்னார் மரி கோல்தேஸ். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில், செத்துப்போன தொழிலாளியின் உடலைக் கேட்டு ஒருவன் இரவில் வந்து நிற்பதுதான் நாடகம். வருஷம் 1983. தொடர்ந்து கோல்தேஸின் மூன்று நாடகங்களை அவர் போட்டார். உயிரோடிருக்கும் ஒரு எழுத்தாளனைத் தேடிப் பிடித்து, ஜனங்கள் வராவிட்டாலும் அடுத்ததையும் போடுவது, 'ரிங்'கைவிட எனக்கு மதிப்பான காரியம்.

அதே இடத்தில்தான் அவருடைய பெரிய தவறும் இருக்கிறது. 'பருத்தி வயல்களின் தனிமையில்' (1987) நாடகத்தில் இரண்டே பேர். இரவில் ஒரு வியாபாரி, ஒரு வாடிக்கையாளன். என்ன சரக்கு என்று கடைசிவரை சொல்லப்படுவதில்லை. ஆங்கிலத்தில் படித்தேன். பேரம் என்பது இத்தனை பயங்கரமாக வேறெங்கும் எழுதப்பட்டு நான் படித்ததில்லை. வியாபாரி கறுப்பராக இருக்க வேண்டும் என்பது கோல்தேஸின் திட்டவட்டமான விருப்பம். முதலில் இஸாக் த பான்கோலே நடித்தார். பிறகு அந்தப் பாத்திரத்தை ஷெரோ தானே எடுத்துக்கொண்டார். கோல்தேஸுக்கு அதில் உடன்பாடில்லை. 1989-ல் தன் 41-ஆவது வயதில் கோல்தேஸ் எய்ட்ஸ் நோயால் இறந்தார். 1995-ல் ஷெரோ மறுபடியும் அந்த நாடகத்தைப் போட்டார், மறுபடியும் தானே வியாபாரியாக. அந்த நடிப்பை வானளாவப் புகழ்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வோட்டனின் ஒற்றைப் பார்வைக்குள் ஓட்டத்தைக் கேட்ட அதே காது, சிநேகிதன் வாய்விட்டுச் சொன்னதைக் கேட்கவில்லை. செத்துப்போன வாக்னர் தடுக்க முடியாது. உயிரோடிருந்தவர் தடுத்தார், பலனில்லை. அணைப்பை மீறல் என்று ஒப்புக்கொண்டு வியந்த நான் இதை மட்டும் கண்டிப்பது முரண் என்று யாராவது எழுதலாம், எழுதட்டும். எனக்கு வித்தியாசம் தெரிகிறது. முன்னதில் அவர் பிரதிக்குள் இன்னொருவனின் வலியைக் கண்டார். பின்னதில் தன் உடம்பு எந்த உடம்புக்கும் பதிலாக நிற்கும் என்று நம்பினார். மேடையில் நிற்கும் ஆசை அவருக்கு முன்பே உண்டு. 1977-ல் பைராய்ட்டில் ஸீக்ஃப்ரீட் பாத்திரக்காரர் ரெனே கோலோ காலை முறித்துக்கொண்டபோது, அவர் மேடை ஓரத்திலிருந்து பாட, ஷெரோ ஸீக்ஃப்ரீடாக நடித்தார். அது அவசரத்துக்குச் செய்தது. நடிகர்களுக்கு அவ்வளவு அருகில் போகிறவருக்கு, அவர்களுக்கும் தனக்கும் இடையிலிருக்கும் கோடு சில சமயம் தெரியாமல் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சினிமாக்களை இங்கே விட்டுவிடுகிறேன். 'ராணி மார்கோ' (1994) பிரசித்தம். 2001-ல் பெர்லினில் தங்கக் கரடி வாங்கிய 'இன்டிமஸி' அதைவிட முக்கியம் என்பது என் கட்சி. அவற்றைப் பற்றிச் சினிமா தெரிந்தவர்கள் எழுதலாம்.

2007-ல் ஷெரோவும் பூலேஸும் மீண்டும் சேர்ந்தார்கள். யானாசெக்கின் கடைசி ஓபரா, தாஸ்தாயெவ்ஸ்கியின் சைபீரியச் சிறை அனுபவங்களை வைத்து எழுதியது. நம்மவர்களில் தாஸ்தாயெவ்ஸ்கியை ஒரு ஞானியாக, பாவ மன்னிப்பு வழங்குபவராகப் பாராயணம் செய்கிறவர்கள் அதிகம். அவர்கள் இந்தத் தயாரிப்பைப் பார்க்க வேண்டும். கதாநாயகன் கிடையாது. ஒன்றரை மணி நேரம், சாம்பல் நிறச் சுவர்கள், ஆண்கள் கூட்டம். பாடகர்களுக்கு நடுவே பாடாத நடிகர்களையும் கலந்துவிட்டிருக்கிறார். யார் அடுத்து வாய் திறப்பார் என்று தெரியாது. கூட்டத்திலிருந்து ஒருவன் முன்னால் வருகிறான், தான் செய்த கொலையைச் சொல்கிறான், கூட்டத்துக்குள் போய்விடுகிறான். மன்னிப்பும் இல்லை, தீர்ப்பும் இல்லை. கேட்டவர்களின் உடம்பில் அது என்ன செய்தது என்பதை மட்டும் ஷெரோ காட்டுகிறார். ஒரு கட்டத்தில் மேலிருந்து குப்பைக் கூளம் மொத்தமாக மேடையில் வந்து விழுகிறது. பெரும் சத்தம், தூசி. அடுத்த கணம் கைதிகள் அதை அள்ள ஆரம்பித்துவிடுகிறார்கள். 'ரிங்'கின் அணை நம்மைப் பார் பார் என்றது. இந்தக் குப்பை அப்படிச் சொல்வதில்லை. வேலை வந்துவிட்டது, குனிகிறார்கள். இடைப்பட்ட முப்பது வருஷங்களில் அவர் கற்றுக்கொண்டது இது என்று நினைக்கிறேன்.

கடைசி தயாரிப்பு ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'எலெக்ட்ரா', 2013 ஜூலையில், தெற்கு பிரான்ஸின் எக்ஸ் நகர விழாவில். நுரையீரல் புற்றுநோய் ஏற்கெனவே இருந்தது. அக்டோபர் 7-ந் தேதி, 68 வயதில், காலமானார். தகப்பனைத் தாய் கொன்றுவிட, பழிக்குக் காத்திருக்கும் மகளின் கதை. முதல் ஸ்வரத்திலேயே மொத்த வாத்தியக் குழுவும் இடி மாதிரி இறங்குகிற சங்கீதம். ஷெரோ அந்த இடியைத் தாமதப்படுத்துகிறார். சங்கீதம் இல்லாமல், சில நிமிஷங்கள், வேலைக்காரிகள் முற்றம் பெருக்குகிறார்கள். தண்ணீர் தெளிக்கிறார்கள். துடைப்பச் சத்தம் மட்டும். நம் தெருவில் காலை ஐந்தரைக்குக் கேட்கும் அதே சத்தம். இந்த வீட்டில் கொலை நடந்து வருஷங்களாகிவிட்டன, முற்றம் தினமும் பெருக்கப்பட்டே வந்திருக்கிறது என்பது அந்தச் சில நிமிஷங்களில் தெரிந்துவிடுகிறது. தாய் க்ளிடெம்நெஸ்ட்ராவை மேடைகளில் நகை பூட்டிய பூதமாகக் காட்டுவது வழக்கம். வால்ட்ராட் மையர் இங்கே தூக்கம் வராத, கண்ணியமான, பயந்த ஒரு பெண்மணி. மகளிடம் மருந்து கேட்டு வந்திருக்கிறாள். இருவரும் எதிரெதிரே கூச்சலிடவில்லை. தொட்டுவிடும் தூரத்தில் பேசுகிறார்கள். கொல்லத்தான் போகிறார்கள் என்று அறிந்தும், சமாதானமாகிவிடுவார்களோ என்று பார்க்கிறவனுக்கு ஒரு கணம் தோன்றுகிறது.

இந்தத் தயாரிப்பில் இரண்டு கிழவர்கள் வருகிறார்கள். ஓரெஸ்டின் ஆசானாக வருபவர் ஃப்ரான்ட்ஸ் மட்ஸூரா, 89 வயது. 1979-ல் 'லூலூ'வில் டாக்டர் ஷோனாகப் பாடியவர். வீட்டின் முதிய வேலைக்காரனாக வருபவருக்குப் பாட இருப்பது சில சொற்கள்தான். அவரை நான் முதலில் கவனிக்கவில்லை. ஓரெஸ்ட் வெகு காலம் கழித்து, வேற்றாள் போலத் திரும்பி வந்து நிற்கிறான். சகோதரிக்கே அடையாளம் தெரியவில்லை. பிரதியின்படி, அவள் அறியும் முன்பே வேலைக்காரர்கள் அவனை அறிந்து மௌனமாக வணங்குகிறார்கள், முதலில் இந்தக் கிழவன். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது நிறுத்திப் படித்தேன். டொனால்ட் மக்கின்டயர். 'வால்க்யூரி' தட்டை மறுபடியும் போட்டு, ஊசல் நிற்கும் இடத்திலிருந்து அந்த அங்கத்தின் முடிவுவரை பார்த்தேன். அப்போது மணி இரண்டு. மறுநாள் பத்து மணிக்குக் கவுண்ட்டரில் இருந்தேன்.